மலையகத்திலிருந்து தொல்லியலுக்கு எந்த வழியாகப் போவது?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே கேள்விகளும் வந்துவிடும். இந்த முறை என்னிடம் வந்த மூன்று பிள்ளைகளும் தொல்லியல் படிக்க வேண்டும் என்றுதான் வந்தார்கள். மூவரும் பண்டாரவளைப் பக்கம். ஒருத்திக்குக் குகை ஓவியம் என்றால் உயிர். யானை, மான், வில் பிடித்த மனிதன் என்று கொப்பி நிறைய வரைந்து வைத்திருக்கிறாள். இன்னொருவன் வீட்டுக்கு மூத்தவன். அம்மா கொழுந்து பறிக்கிறார். அரச வேலை கிடைக்குமா என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. மூன்றாமவள் கேட்டது வேறு: "மிஸ், எங்க தோட்டத்துல பழைய ஸ்டோர இடிக்கப் போறாங்களாம். அதுக்கு முன்னாடி அத யாராவது எழுதி வைக்கணும். அதுக்கு என்ன படிக்கணும்?" ஸ்டோர் என்று அவள் சொன்னது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை.

மூவருக்கும் ஒரே வழியைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் விஷயம் ஒரு தேதி. 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன ஒப்பந்தத்தின் நாள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 'தொல்பொருள்' என்று எதைச் சொல்கிறது என்று பார்த்தால், இந்தத் தேதிக்கு முந்தியதைத்தான். அதற்குப் பிந்திய ஒரு கட்டடத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாக வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவிக்க வேண்டும்.

இப்போது நம் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹாபிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டது 1820களில். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். மன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் முன்னோர் நடந்து வந்த பாதை, வழியில் செத்தவர்களைப் புதைத்த இடங்கள், கோப்பி ஸ்டோர், தொழிலாளர் வரிசை வீடுகளான லயம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம், முதல் மாரியம்மன் கோயில் எல்லாமே அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஆகவே கற்காலம், குகை ஓவியம், கல்வெட்டு என்று போகிறவருக்குத் தொல்பொருள் திணைக்களமும் பதவிகளும் இருக்கின்றன. மலையக மக்களின் தடயங்களைத் தேடப் போகிறவருக்குச் சட்டத்தின் துணை குறைவு, சம்பளத்தோடு காத்திருக்கும் நாற்காலியும் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு எந்தப் பக்கம் போனாலும் சரி. தெரியாமல் போனால் நான்கு வருஷம் கழித்துத்தான் வலிக்கும்.

இரண்டாவது, மொழி. நம் பிள்ளைகள் பலர் கடைத்தெருவில் நன்றாகச் சிங்களம் பேசுவார்கள். வாசிக்கச் சொன்னால் முழிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் முதல் களப்பயிற்சியில் ஒரு குழியின் பைகளைப் பதிவுசெய்யும் வேலை எனக்கு. கள நோட்டுப் புத்தகம் முழுவதும் கையெழுத்துச் சிங்களம், அதுவும் அவசரத்தில் கோணலாக எழுதியது. மூன்றாம் மண்படையில் எடுத்த நத்தை ஓடுகளை நான்காம் படைப் பைகளோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். சாயந்தரம் கண்டுபிடித்தார்கள். யாரும் பெரிதாகத் திட்டவில்லை, ஆனால் அந்தப் பைகளை மறுபடி நம்ப முடியாது என்று ஒதுக்கி வைத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. மண்ணுக்குள் இருபதாயிரம் வருஷம் பத்திரமாக இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாததால் ஒரே பகலில் வீணாகிப்போனது.

மூன்றாவது, முதல் சம்பளம் வரும் வரைக்கும் வீடு தாங்குமா? நான்காவது, தொல்லியல் வேலை கிடைக்காவிட்டால் அந்தப் படிப்பை வைத்து வேறு எங்கே நிற்கலாம்? இந்த இரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை, வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் போதும்.

## பேராதனை அல்லது களனியில் தொல்லியல் பட்டம்

திணைக்களத்தில் வேலை வேண்டும் என்றால் இதுதான் நேர்வழி. இரண்டு பல்கலைக்கழகங்களிலும் தொல்லியலுக்குத் தனித் துறை இருக்கிறது. 1890இல் தொடங்கிய தொல்பொருள் திணைக்களமும், 1980இல் சட்டம் போட்டு உருவாக்கிய மத்திய கலாசார நிதியமும்தான் இந்த நாட்டில் தொல்லியலாளருக்கு வேலை தரும் பெரிய இடங்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வகுப்பறைகளில் படித்தவர்கள், ஒரே களத்தில் கூடாரம் போட்டவர்கள். எந்தக் குகையில் அடுத்த அகழாய்வு, எங்கே உதவியாளர் தேவை என்ற செய்தி வர்த்தமானிக்கு முன்பே அவர்களுக்குள் போய்விடும். அந்த வட்டத்துக்குள் போக இதைவிடக் குறுக்குவழி இல்லை.

படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதி உள்ளவர்களுக்கு மகாபொல உதவித்தொகை கிடைக்கும். பேராதனை என்றால் நமக்குப் பக்கமும்கூட. இன்னொன்று, பேராதனையைச் சுற்றி இருப்பதே ஒரு பாடப்புத்தகம். ஹிந்தகல விகாரையின் பாறையில் அனுராதபுர காலத்து ஓவியத்தின் எச்சம் இருக்கிறது, தெகல்தொருவவில் 18ஆம் நூற்றாண்டின் கண்டி மரபுச் சுவரோவியங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்து நிறம் எப்படி நிற்கிறது, எப்படி உதிர்கிறது என்று எழுதிப் பழகலாம்.

மறைந்திருக்கும் செலவு மொழிதான். விண்ணப்பிக்கும் முன் துறைக்கே போய், விரிவுரை எந்த மொழியில், விடை எந்த மொழியில் எழுதலாம், கள அறிக்கை எந்த மொழியில் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'தமிழில் எழுதலாம்' என்ற பதிலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். பரீட்சையைத் தமிழில் எழுதலாம், குழிக்குள் தமிழ் இருக்காது. அப்புறம் களச் செலவு. சப்பாத்து, மழைக்கோட்டு, பஸ் காசு, களத்துக்குப் போனால் பகுதிநேர ரியூஷன் வருமானம் நின்றுபோவது. இதையெல்லாம் யாரும் கையேட்டில் எழுதுவதில்லை. பல்கலைக்கழகம் மூடப்பட்டு வருஷம் நீளுவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளின் வீட்டில் களமுகாம் பற்றி முதலிலேயே பேசிவிடுவது நல்லது. இரண்டு மூன்று கிழமை வெளியூரில் தங்க வேண்டி வரும். அதைக் கடைசி நேரத்தில் சொல்லி, அம்மாவின் அழுகைக்குப் பயந்து களத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். களம் இல்லாத தொல்லியல் பட்டம் பாதிப் பட்டம்.

## யாழ்ப்பாணத்தில்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றோடு சேர்ந்து தொல்லியல் வளர்ந்தது. கந்தரோடை, ஆனைக்கோட்டை என்று பெயர் சொல்லும் இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரையைப் பற்றித் தமிழிலேயே விரிவுரை கேட்டு, தமிழிலேயே வாதாடலாம். தமிழில் சிந்தித்துத் தமிழில் எழுதும் தொல்லியலாளர் இங்கிருந்துதான் அதிகம் வருகிறார்கள். பெருங்கற்கால ஈமச்சின்னம், பிராமி எழுத்து, நாணயம் என்றால் யோசிக்காமல் இங்கே போகலாம்.

ஆனால் யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் சமவெளி. நம் மலை அங்கே இல்லை. பண்டாரவளையிலிருந்து போய் வர ஒரு இரவும் பகலும் போய்விடும், ஆய்வுக்குச் சொந்த ஊரை எடுத்தால் ஒவ்வொரு முறையும் அந்தப் பயணம். வாசிக்கத் தெரியாத சிங்களம் நான்கு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும், பிறகு அரச வேலைக்குப் போகும்போது அந்தத் தேர்ச்சியைக் கேட்பார்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் முதலாம் வருஷத்திலேயே வார இறுதியில் சிங்கள எழுத்து வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிடுங்கள்.

## தமிழ்நாட்டுக்குப் போவது

மலையகப் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. கீழடி அகழாய்வு 2015இல் தொடங்கியதிலிருந்து ஆசை இன்னும் கூடிவிட்டது. பாறை ஓவியம் என்று பார்த்தால் அங்கே உள்ள வளம் பெரியது. விழுப்புரம் பக்கத்தில் கீழ்வாலை, கிருஷ்ணகிரியில் மல்லபாடி, நீலகிரியில் கரிக்கியூர், வெள்ளரிக்கொம்பை. நீலகிரியை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொஞ்சம் அடைக்கும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் சொந்தங்கள் பலர் கூடலூர், கோத்தகிரித் தோட்டங்களில்தான் குடியேறினார்கள். கரிக்கியூர் ஓவியப் பாறையும் கோத்தகிரிப் பக்கம்தான். ஓவியத்தைப் படிக்கப் போகும் பிள்ளை, தன் பாட்டியின் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

ஆனால் ஒன்று. அங்கே தொல்லியல் பெரும்பாலும் முதுகலைப் பாடம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் அதற்குத் துறைகள் இருக்கின்றன. ஆகவே உயர்தரம் முடிந்த கையோடு கப்பல் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே ஒரு பட்டம் முடித்துவிட்டு, இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் முதுகலைக்குப் போங்கள். விவரங்களைக் கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் கேட்கலாம். புலமைப்பரிசில் இல்லாமல் சொந்தக் காசில் போக நினைப்பவர்கள் கட்டணத்தை மட்டும் பார்க்காமல் விசா, விடுதி, வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். போகு முன், அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாது: திரும்பி வரும்போது இங்கே உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

## ஆசிரியராக இருந்துகொண்டு

நான் வந்த வழி வேறு, ஆனாலும் இதைப் பற்றித்தான் கூடச் சொல்ல நினைக்கிறேன். நம் பக்கத்தில் இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை.

பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. மூன்று வருஷத்தில் ஆசிரியர் நியமனம், வீட்டுக்குச் சம்பளம். அப்புறம் திறந்த பல்கலைக்கழகத்திலோ வெளிவாரியாகவோ ஒரு பட்டம். அதற்குப் பிறகு கொழும்பில் உள்ள தொல்லியல் முதுநிலைப் பட்டப்படிப்பு நிறுவனம். 1986இல் தொடங்கியது, களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்லூரி டிப்ளோமாவோடு நேரே அங்கே போக முடியாது, நடுவில் பட்டம் வேண்டும். அதனால் மொத்தமாக ஒன்பது பத்து வருஷம் எடுக்கும். சனி ஞாயிறு போய்விடும், கொழும்புக்குப் போய்வரும் காசு போய்விடும், கல்யாணம், பிள்ளை எல்லாம் நடுவில் வரும். இதில் எதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இந்தப் பத்து வருஷமும் நீங்கள் ஒரு தோட்டப் பாடசாலையில் நிற்கிறீர்கள். உங்கள் முன்னால் நாற்பது பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் ஒரு பாட்டி. இந்த வசதி எந்தப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் கிடைக்காது. மக்கள் தொல்லியல் என்று நூல்கள் சொல்வது இதைத்தான். தொல்லியலாளர் தோண்டிவிட்டுப் போவதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் வாழ்கிறவர்களோடு சேர்ந்து அடையாளம் கண்டு, காத்து, கதையைச் சொல்வது. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், தோட்டத் தொழிலாளருக்கென்று 2007இல் திறந்த அருங்காட்சியகத்தை ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். லயக் காம்பராவுக்குள் நம் ஆட்களின் கூடை, கவ்வாத்துக் கத்தி, பித்தளைச் சாமான், தப்பு என்ற பறை. வெளியே வந்த பிள்ளை, "இது எங்க வீட்லயும் இருக்கே" என்று சொல்லும். அங்கேதான் வேலை தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் என்ற பெயரில் மண்ணைத் தோண்ட உரிமை இல்லை. அகழ்வதற்குத் தொல்பொருள் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அளப்பது, படம் எடுப்பது, எழுதுவது, கேட்டுப் பதிவுசெய்வது வரைதான்.

## சுற்றுலா வழிகாட்டி உரிமம்

சீக்கிரம் காசு வரும் வழி. தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, ஓரிடத்துக்கு மட்டுமான வழிகாட்டி என்று உரிமங்கள் இருக்கின்றன. பண்டாரவளையிலும் கண்டியிலும் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் பயிற்சிக் கல்லூரிகள் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து இராமாயணப் பயணமாக வருகிறவர்களுக்குத் தமிழ் தெரிந்த வழிகாட்டி தேவை. எல்ல இராவணன் குகைக்கு அழைத்துப் போய்ப் புராணக் கதையைச் சொல்லலாம், அதே குகையில் கற்கால மனிதர் வாழ்ந்ததையும் சேர்த்துச் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லும் வழிகாட்டிகள் குறைவு. வருமானம் பருவத்தைப் பொறுத்தது. குண்டுவெடிப்பு நடந்த 2019இலும் கொரோனா காலத்திலும் வழிகாட்டிகள் பட்ட பாட்டைப் பார்த்தவள் என்பதால், இதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

## ஒரு பார்வையில்

| வழி | கைச்செலவு | சிங்கள வாசிப்பு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| பேராதனை, களனி | குறைவு. களச் செலவு உண்டு | முதல் நாளிலிருந்து | திணைக்கள வேலை, கற்காலம் |
| யாழ்ப்பாணம் | பயணம், தங்குமிடம் | பிறகு கட்டாயம் | தமிழில் ஆய்வு, பெருங்கற்காலம், எழுத்து |
| தமிழ்நாடு | புலமைப்பரிசில் இல்லாவிட்டால் மிக அதிகம் | திரும்பி வந்த பிறகு | முதுகலை, பாறை ஓவியம் |
| ஆசிரியர் வழி | சம்பளத்தோடு, ஆனால் பத்து வருஷம் | கொழும்பில் படிக்கும்போது | மலையக மக்களின் தடயங்கள் |
| வழிகாட்டி | குறைவு | உதவும் | வேறொன்றோடு சேர்த்து |

## பாறை ஓவியம்தான் வேண்டும் என்றால்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மலையில் கற்காலம் நிறைய இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மஸ்கெலியாவில் தோட்டத் துரையாக இருந்த ஜோன் போல் கற்கருவிகளைப் பொறுக்கிச் சேர்த்தார். அந்த மலைகளில் கானும் ரோடும் வெட்டியவர்கள் நம் ஆட்கள். கருவிகள் வெளியே வந்தது பெரும்பாலும் அவர்களுடைய மண்வெட்டியில்தான் இருக்கும், பெயர் மட்டும் எங்கும் இல்லை. பண்டாரவளை மேடுகளில் மழை விட்டதும் மரக்கறித் தோட்டத்து ஓரமாக நடந்து பாருங்கள். பால்நிறப் படிகக்கல் சில்லு ஒன்று, விரல் நகத்தை விடச் சின்னது, கிடக்கலாம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒரு ஓரத்தில் மட்டும் வரிசையாகச் சின்னச் சின்னக் கடி தெரியும். இயற்கையாக உடைந்த கல்லில் அந்த வரிசை பெரும்பாலும் வராது. படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கல்லை அங்கேயே வைத்துவிட்டுத் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள்.

ஆனால் ஓவியம் என்று வந்தால் மலையை விட்டு இறங்க வேண்டும். ஈரமும் பாசியும் உள்ள மலைப்பாறையில் சாம்பல் பூச்சு நிற்காது. கேகாலைப் பக்கம் தொரவக்க குகையில் செதுக்கல்கள் உண்டு. தீட்டிய உருவங்கள் அதிகம் இருப்பது வரண்ட வலயத்தில், தந்திரிமலையில், மொனராகலை, அம்பாறைக் காடுகளில். அங்கே யானையும் குளவியும் உண்டு, தனியாகப் போகும் வேலை இல்லை. மானிடவியலாளரான செலிக்மன் தம்பதி இலங்கைப் பழங்குடிகளான வேடுவர் பற்றி 1911இல் வெளியிட்ட நூலில், வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும் வரை காத்திருந்த பெண்கள் சாம்பலைக் குழைத்து விரலால் இப்படி வரைந்ததாகப் பதிவு இருக்கிறது. இதை அந்த ஓவியப் பிள்ளைக்குச் சொன்னபோது கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

எங்கே படித்தாலும் இந்தத் துறைக்கு இரண்டு பழக்கம் வேண்டும். ஓவியத்தைத் தொடாமல் இருப்பது முதலாவது. தெளிவாகத் தெரியட்டும் என்று தண்ணீர் தெளிப்பதும் சோக்கால் கோடு போடுவதும் ஒரு காலத்தில் நடந்தது, அதனால் போனது போனதுதான். இரண்டாவது, பொறுமையாகப் படம் எடுப்பது. அளவுகோலை ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து விட்டு, ஒரே உருவத்தைப் பத்து முறை. அந்தப் படத்தை டீஸ்ட்ரெச் என்ற மென்பொருளில் போட்டால் நிறங்களைப் பிரித்து இழுத்துக் காட்டும். வெறும் சாம்பல் கறை என்று நினைத்த இடத்தில் ஒரு முதுகு வளைவு தெரியும், பிறகு துதிக்கை, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள். முதல் முறை அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலத்தைச் சொல்வதுதான் கடினம். கரியால் வரைந்ததென்றால் அதில் உள்ள கார்பனை வைத்து அளக்கலாம். சாம்பலிலும் களிமண்ணிலும் அது சுலபமாக வராது. ஆகவே பாறை ஓவியம் படிக்க விரும்பும் பிள்ளை, வரைதலோடு கொஞ்சம் வேதியியலுக்கும் மனத்தைத் தயார்செய்ய வேண்டும்.

## மூவருக்கும் சொன்னது

மூத்தவன் பேராதனைக்கு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி இடம் கொடுக்கும் போலிருக்கிறது. வகுப்பு தொடங்கும் வரை இருக்கும் மாதங்களில் தினமும் ஒரு பக்கம் சிங்களப் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கடை முதலாளி திருத்திக் கொடுக்கிறார்.

ஓவியப் பிள்ளைக்கும் முதலில் பேராதனைதான், முதுகலைக்குத் தமிழ்நாடு. நடுவில் நல்ல காலணி ஒன்று வாங்கச் சொன்னேன்.

மூன்றாமவளுக்குப் பத்தனை. அவள் அதுவரை காத்திருக்கவில்லை. போன ஞாயிறு தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, அளவு நாடாவோடு ஸ்டோருக்குள் போயிருக்கிறாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் அங்கே முப்பது வருஷம் வேலை செய்த அவளுடைய தாத்தா. கொழுந்தை வாட்டும் வாடுமாடம் எத்தனை அடி, ரோதை எங்கே இருந்தது, எந்த ஜன்னல் வழியாக முதல் வெளிச்சம் வரும் என்று அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். பதினொரு பக்கம். திங்கட்கிழமை எனக்குக் கொண்டுவந்து காட்டினாள், மேல்தளத்துக்கு ஏணி இல்லாததால் அதை இன்னும் அளக்கவில்லை.